உதிரிபாகம் வரவில்லை

முதல் முறை வந்தபோது
படியில் விழுந்துவிட்டது என்றாள்.
திரையை மாற்றிக் கொடுத்தேன்.

இரண்டாம் முறை
கெங்கரை பஸ்ஸில் நெரிசல் என்றாள்.
நல்ல கவராப் போடும்மா என்று
நூற்றைம்பது ரூபாய்க்கு ஒன்றை விற்றேன்.
இப்போதும் அந்த நூற்றைம்பதை நினைத்தால்
நாக்கு கசக்கிறது.

மூன்றாம் முறை மார்ச் மாதம்.
கோத்தகிரியே ஸ்வெட்டரைக் கழற்றி
இடுப்பில் கட்டிக்கொண்டு திரியும் மதியம்.
அவள் மட்டும் முழுக்கை,
விரல் கணு வரை இழுத்துவிட்டு.
குளிர் ஊரில் கம்பளி வசதியான பொய்.
பத்து மாதம் யாரும் கேட்கமாட்டார்கள்.

போனை நீட்டியபோது கை சற்று ஏறியது.
மணிக்கட்டின் மேலே நான்கு தடம்,
உள்பக்கம் கட்டைவிரல்.
நான் எண்ணியதை அவள் பார்த்தாள்.

"அக்கா, லொகேஷன் மட்டும் நிக்காமப் பாத்துக்குங்க.
அஞ்சு நிமிஷம் காட்டலைன்னா..."
மீதியை விழுங்கினாள்.
பில்லுக்குப் பெயர் கேட்டேன்.
நிரோஷா. ப்ளஸ் ஒன்.

சோதிக்க வேறொரு திரையை மாட்டினேன்.
போனுக்கு உயிர் வந்தது. வந்ததுமே
"உயிர்" அழைத்தான்.
அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள்.
உயிர், தவறிய அழைப்புகள் நாற்பத்தொன்று.
உயிர்: எங்கடி இருக்க.
உயிர்: யாருகூட.
உயிர்: சாரிடி, நீ இல்லன்னா செத்துருவேன்.
உயிர்: எடுக்கலன்னா பாரு.

எனக்குப் பேச வராது.
போர்டில் எங்கே ஷார்ட் என்று கேட்டால் சொல்வேன்.
அதனால் ஒரு பொய் சொன்னேன்:
"உதிரிபாகம் கோயம்புத்தூர்ல இருந்து வரணும்.
ரெண்டு நாள் ஆகும்."
என் முதுகுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில்
அதே மாடலுக்கு ஆறு திரைகள் கிடந்தன.

பயந்தாள்.
பிறகு, பயத்துக்கு அடியில் வேறெதுவோ.
மழை விட்டதும் தகரக்கூரை
சட்டென்று அடங்குமே, அது.

அன்றிரவு எனக்குத்தான் தூக்கமில்லை.
போன் இல்லாத கோபத்தையும்
அவள்மேலேயே இறக்குவானோ.
எந்தப் பக்கம் வெட்டும் என்று பார்க்காமல்
கத்தியைக் கொடுத்துவிட்டேனோ.

மறுநாள் அவனே வந்தான்.
பதினேழு இருக்கும்.
மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
"போனக் குடு."
அந்தக் குரல் அவன் அளவு இல்லை.
அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்ட மாதிரி
தோளுக்கு வெளியே தொங்கியது.
ரசீது வச்சிருக்கவங்களுக்குத்தான் என்றேன்.
மேசையைக் குத்தினான்.
குத்திய கையைத் தானே பார்த்தான்,
வேறு யாருடையதோ என்பதுபோல்.
இவனையும் யாராவது கேட்கவேண்டும்.
அன்றைக்கு அது நானில்லை.

மூன்றாம் நாள் பின்மதியம்
மூடுபனிக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
நிரோஷா. கூடவே சீருடையில் ஒருத்தி,
பிடித்த கையை விடாமல்.
"நான் ஹசீனா. ரெண்டு நாளா என்கூடத்தான் பஸ்ல வர்றா"
என்றாள், நான் கேட்காமலே.
"நேத்து சோறு ரெண்டாவது தடவை வாங்கினா அக்கா."

நிரோஷா என் போனைக் கேட்டாள்.
பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும்
ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு.
ஷட்டரைப் பாதி இறக்கி வெளியே நின்றேன்.
உள்ளே அவள் குரல்
முதல் கியரில் மேடேறும் ஜீப்பைப் போல
நின்று, உறுமி, நின்று.
"அவங்க வீட்லயும் அடிதான் மேடம்.
அவனையும் யாரும் அடிக்கக் கூடாது"
என்றது மட்டும் காதில் விழுந்தது.

புதுத் திரையை மாட்டிக் கொடுத்தேன்.
அங்கேயே நின்று எதையோ தட்டினாள்.
தொடுதிரை சரியா என்று கேட்கும் சாக்கில்
எட்டிப் பார்த்தேன்.
"உயிர்" என்ற இடத்தை
ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு
"மெல்வின், பன்னிரண்டு பி"
என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

எண்ணை அழிக்கவில்லை.
ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

கெங்கரை பஸ் ஹாரன் அடித்தது.
ஓடுகிற பையில் போன் அதிர்வது
எனக்கே கேட்டது.
அவர்கள் ஓட்டம் நிற்கவில்லை.